ஆயிரம் வோல்ற்று கேட்ட தடையி

ஓய்வுக்குப் பிறகு வால்வு அம்பிளிபயர் கட்டுகிறேன் என்றால் இங்கே லண்டனில் பேரப்பிள்ளைகள் சிரிக்கிறார்கள். எழுபதுகளில் நமது பௌதிக ஆய்வுகூடத்தில் இருந்தவர்கள் சிரிக்க மாட்டார்கள்.

உயர்தர வகுப்பில் ஒருநாள் மாஸ்ரர் மும்முனை வால்வு ஒன்றை வரைந்துவிட்டுக் கேட்டார்: "அனோட்டுத் தடையியைக் கூட்டக் கூட்டப் பெருக்கமும் கூடும். அப்ப ஏன் 1 மெகா ஓம் போடக்கூடாது?" பின்வாங்கிலிருந்து ஒருவன், "விலை கூட, சேர்" என்றான். சிரிப்பு அடங்கியதும் மாஸ்ரரே கணக்கைப் போட்டார். 1 மில்லி அம்பியர் ஓடினால் அந்தத் தடையிக்கு மட்டுமே 1000 வோல்ற்று வேண்டும். "அதுக்கு எங்க போவாய்?"

இப்போது எங்கும் போகத் தேவையில்லை. தடையியின் இடத்தில் மாறா மின்னோட்ட முதல் ஒன்றை வைத்தால் போதும். குறுக்கே அழுத்தம் ஏறினாலும் இறங்கினாலும் அது மின்னோட்டத்தை அசைய விடாது. ஆடலோட்டச் சைகைக்கு மெகா ஓம் கணக்கில் தடையாக நிற்கும். நேரோட்டத்தில் நூறு வோல்ற்றுடன் அடங்கிவிடும். 100 கிலோ ஓம் தடையியுடன் 60 மடங்கு தந்த ஈசிசி83 என்ற மும்முனை வால்வு, அடுத்த கட்டம் பாரம் ஏற்றாவிட்டால், தன் முழுப் பெருக்கக் காரணியான நூறை நெருங்கும். திரிபும் குறையும். எனக்குப் பெரிய விஷயம் அதுதான்.

அந்த முதலாக நான் பாவிப்பது டிஎன்2540 என்ற மொஸ்பெற் (ஒருவகை திரான்சிஸ்டர்; சோர்ஸ், கேற்று, டிரெயின் என மூன்று கால்கள்), 400 வோல்ற்று தாங்கும். ஒரே பெட்டியில் வந்தாலும் ஒவ்வொன்றும் ஒரு குணம். ஆகவே சோர்ஸ் காலில் 5 கிலோ ஓம் பிரிசெற் (திருப்பி மாற்றும் தடையி) ஒன்றைப் போட்டு, தொடரில் 100 ஓம் தடையி வைத்து, மீற்றர் 0.1 வோல்ற்று காட்டும்வரை மெல்லத் திருப்புவேன். அதுதான் 1 மில்லி அம்பியர். கேற்றுக்கு ஒரு 1 கிலோ ஓம் தடையி. அதைக் காலோடு ஒட்டியே பற்றவைக்க வேண்டும். தள்ளி வைத்தால் காதுக்குக் கேளாத அதிர்வெண்ணில் சுற்று தானாக அலையும்.

1936இல் ஆங்கிலேயப் பொறியியலாளர் புளூம்லைன் காப்புரிமை கோரிய நீள்வால் சோடியில் இரண்டு வால்வுகளின் மின்னோட்டமும் ஒரே பாதையால் போகும்; அந்த வாலிலும் இதே வித்தைதான். அங்கே எதிர் மின்னழுத்த வழங்கல் இருந்தால் எல்எம்317 என்ற அழுத்தச் சீராக்கிச் சில்லும் 120 ஓம் தடையியும் சேர்ந்து ஏறத்தாழ 10 மில்லி அம்பியரைப் பிடித்து வைக்கும்.

6எஸ்என்7 போன்ற வால்வுக்கு 8 மில்லி அம்பியர் கொடுத்தால் மொஸ்பெற் சூடேறும், வெப்பத் தகடு வேண்டும். பெரிய வகை மொஸ்பெற்றின் உலோக முதுகு வழங்கல் அழுத்தத்திலேயே இருக்கும். காப்பில்லாமல் பூட்டினால் தகடும் 300 வோல்ற்றுதான். மின் நெஞ்சைக் கடக்காதிருக்க, "ஒரு கை பொக்கற்றுக்குள்ள" என்று மாஸ்ரர் கத்துவாரே, அந்த விதி என் மேசையில் இன்னும் அமுலில் இருக்கிறது. பார்க்க வரும் பழைய மாணவர்களுக்கும் சேர்த்துத்தான்.