நான்காவது மணி நேரத்திலும் அணைக்கத் தோன்றாத வானொலி

பெரியவர்களுக்குப் பழகிய பாட்டுகளோடு கொஞ்சம் புதியவற்றையும் கலந்து போடும் அடல்ட் கன்டெம்பரரி வகை வானொலி ஸ்டேஷனை உட்கார்ந்து கூர்ந்து கேட்பவர்கள் குறைவு. வேலை செய்யும் இடத்தில், கடையில், காத்திருப்பு அறையில், காரில் அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். 25 முதல் 54 வயது வரை உள்ளவர்கள், அதிலும் பெண்கள், இதன் முக்கிய நேயர்கள். ஒரே அறையில் ஐந்து பேர் கேட்கிறார்கள் என்றால், ஐவரும் ரசிக்க வேண்டும் என்பதுகூட இல்லை. ஒருவருக்கும் எரிச்சல் வரக்கூடாது. ஒருவர் முகம் சுளித்தாலே ஸ்டேஷன் மாறிவிடும். அதனால் இந்த வகை ஸ்டேஷனை முதல் அரை மணி நேரத்தை வைத்து எடை போட முடியாது. நான்காவது மணி நேரம் எப்படி இருக்கிறது என்பதுதான் கேள்வி.

அமெரிக்க இசை இதழான பில்போர்டு 1961-ல் 'ஈஸி லிசனிங்' என்று தொடங்கிய பாட்டுப் பட்டியல், நடுவில் வேறு சில பெயர்களும் தாங்கி, 1979-ல் அடல்ட் கன்டெம்பரரி ஆனது. சுருக்கமாக ஏசி. மென்மையான பாட்டுகள் மட்டும் என்றால் சாஃப்ட் ஏசி, புதிய பாட்டும் வேகமும் கூடினால் ஹாட் ஏசி, நடுவில் இருப்பது மெயின்ஸ்ட்ரீம் ஏசி. இங்கே பேசுவது பெரும்பாலும் அந்த நடு வகையைப் பற்றி.

முதலில் பாட்டுக் கையிருப்பு. "எங்களிடம் பத்தாயிரம் பாட்டு இருக்கிறது" என்று ஒரு ஸ்டேஷன் சொன்னால் அது பெருமை இல்லை, எச்சரிக்கை. நல்ல ஏசி ஸ்டேஷன் ஒரு சமயத்தில் சுழற்சியில் வைத்திருப்பது 300 முதல் 500 பாட்டுகள். காரணம் எளிது. பெருவாரியானவர்களுக்குத் தெரிந்த, பிடித்த, இன்னும் அலுக்காத பாட்டுகள் என்று வடிகட்டினால் தேறுவது அவ்வளவுதான். 501-வது பாட்டு, முதல் 500-ல் ஒன்றின் இடத்தைப் பிடித்துக்கொண்டுதான் வருகிறது.

வடிகட்டுவதற்கு ஒரு முறை உண்டு. பாட்டின் அடையாளமான பகுதியை, பெரும்பாலும் பல்லவியை, ஏழிலிருந்து பத்து விநாடிக்கு வெட்டி, நேயர் வயதுக்குப் பொருந்தும் ஆட்களுக்குப் போட்டுக் காட்டுவார்கள். மூன்று விஷயம் கேட்க வேண்டும்: தெரிகிறதா, பிடிக்கிறதா, கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டதா. மூன்றாவதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். ஒரு பாட்டு பலருக்கும் பிடித்ததாகவும் அதே நேரத்தில் சலித்ததாகவும் இருக்க முடியும். அதைத் தூக்கி எறிய வேண்டாம். சில மாதம் ஓய்வு கொடுத்துவிட்டு மறுபடி சோதித்தால், பெரும்பாலும் சலிப்பு இறங்கி, பிடித்தம் அப்படியே நிற்கும்.

பழைய பாட்டு என்றால் எந்தக் காலத்துப் பாட்டு? ஹோல்புரூக், ஷிண்ட்லர் என்ற இரு ஆய்வாளர்கள் 1989-ல் வெளியிட்ட ஆய்வில், மக்களுக்கு அதிகம் பிடித்த பாட்டுகள் அவர்களுடைய 23, 24 வயதை ஒட்டி வந்தவையாக இருந்தன. இன்றைக்கு 45 வயதான நேயரை நடுவில் வைத்துக் கணக்குப் போட்டால், கையிருப்பின் நெஞ்சாங்கூடு 1990-களின் பிற்பாதியும் 2000-களும்தான். எழுபதுகளின் பாட்டுகளை இன்னும் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும் ஸ்டேஷன், தன் நேயர்களோடு சேர்ந்து 25–54 என்ற வட்டத்தை விட்டு வெளியே போய்க்கொண்டிருக்கிறது. ஆண்டுக்கு ஒரு முறையாவது பழைய முனையில் கொஞ்சம் கழித்து, புதிய முனையில் சேர்க்க வேண்டும். ஒரேயடியாகச் செய்தால் வீட்டையே மாற்றியதுபோல் நேயர் திகைப்பார்.

இன்னொரு கண்ணி: தவறான பதிப்பு. மலிவான தொகுப்பு ஆல்பங்களில், அதே பாடகர் பல ஆண்டு கழித்து மறுபடி பாடிப் பதிந்த பதிப்பு வந்துவிடுகிறது. பெயர் அதே, பாடகர் அதே, நீளம்கூடக் கிட்டத்தட்ட அதே. ஆனால் நேயருக்கு முதல் டிரம் அடியிலேயே தெரிந்துவிடும், ஏதோ சரியில்லை என்று. ஆல்பம் பதிப்பா, அன்று வானொலியில் ஓடிய சுருக்கப் பதிப்பா என்பதும் முக்கியம். மக்கள் நினைவில் இருப்பது அன்று ஓடியதுதான். கையிருப்பில் ஏற்றும்போதே ஒருவர் முழுப் பாட்டையும் காதால் கேட்டு உறுதி செய்ய வேண்டும். கோப்பின் பெயரை நம்பக்கூடாது.

இனி இந்தத் தொழிலின் உயிர்நாடியான ரொட்டேஷன், அதாவது பாட்டுச் சுழற்சிக் கணக்கு. ஒரு ஸ்டேஷன் நன்றாக இருப்பதும் கெடுவதும் பெரும்பாலும் இங்கேதான்.

பாட்டுகளைப் பெட்டி பெட்டியாகப் பிரிப்பார்கள்: புதியவை, அண்மையில் ஓடி ஓய்ந்த 'ரிகரன்ட்', பழையவையான 'கோல்டு'. மணிக்கு 12 பாட்டு என்றால், ஆறு கோல்டு, நான்கு ரிகரன்ட், இரண்டு புதியது என்பது நியாயமான கலவை. பெட்டியில் உள்ள பாட்டுகளின் எண்ணிக்கையை, அந்தப் பெட்டியிலிருந்து மணிக்கு எத்தனை எடுக்கிறோமோ அதால் வகுத்தால், ஒரு பாட்டு திரும்பி வர எத்தனை மணி ஆகும் என்று கிடைக்கும். கோல்டு பெட்டியில் 240 பாட்டு, மணிக்கு ஆறு. அப்படியானால் 40 மணி நேரத்துக்கு ஒரு முறை. பார்வைக்கு அழகான எண். ஆனால் இது மோசமான எண்.

ஏன் என்று ஒரே ஒரு பாட்டைப் பின்தொடர்ந்து பார்க்கலாம். திங்கள் காலை 10 மணிக்கு வருகிறது. 40 மணி கழித்து, புதன் அதிகாலை 2. அடுத்து வியாழன் மாலை 6. அடுத்து சனி காலை 10. அதற்குப் பிறகு மறுபடி 2, 6, 10. அந்தப் பாட்டுக்கு நாளில் மூன்றே மூன்று இடம்தான். மாலை 4 மணிக்கு மட்டும் கேட்பவருக்கு அது ஒருநாளும் காதில் விழாது. காலை 10 மணிக்குக் கேட்பவருக்குச் சுற்றிச் சுற்றி அதே பாட்டுக் கூட்டம் வரும். "இவர்கள் போட்டதையே போடுகிறார்கள்" என்ற புகார் பல நேரம் பாட்டு குறைவாக இருப்பதால் வருவதில்லை, இந்த வகுத்தலால் வருகிறது. பெட்டியில் ஆறு பாட்டைக் கூட்டி 246 ஆக்கினால் சுழற்சி 41 மணி. 41-க்கும் 24-க்கும் பொதுவான வகுஎண் ஒன்றைத் தவிர வேறு இல்லை. எனவே ஒவ்வொரு பாட்டும் நாளின் 24 மணிகளையும் தொட்டுவிட்டுத்தான் முதல் மணிக்குத் திரும்பும்.

புதிய பாட்டுகளின் பெட்டியிலும் இதே கதை. மணிக்கு ஒன்று எடுக்கும் பெட்டியில் ஆறு பாட்டு இருந்தால், ஒவ்வொன்றும் தினமும் அதே நான்கு மணிகளில் வந்து நிற்கும். ஏழு என்றால் நாளுக்கு நாள் நகரும். ஆனால் பல ஏசி ஸ்டேஷன்கள் காலை 9 முதல் மாலை 5 வரை ஒரு பாட்டும் திரும்ப வராது என்று வாக்குக் கொடுக்கின்றன. ஏழு பாட்டு இருந்தால் காலை 9:10-க்கு வந்தது மாலை 4:10-க்குத் திரும்பிவிடும், வாக்குப் பொய்த்துவிடும். பதினொன்று வைத்தால் வாக்கும் காப்பாற்றப்படும், 24-ஓடும் ஒட்டாது. ஏசி நேயர் புதிய பாட்டை மெதுவாகத்தான் ஏற்றுக்கொள்வார் என்பதால் 11 மணி நேரச் சுழற்சி இந்த வகைக்கு ஒன்றும் மந்தமில்லை.

செலக்டர், மியூசிக்மாஸ்டர் போன்ற, பாட்டு வரிசை போடும் மென்பொருள்கள் இதையெல்லாம் பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிடுவது சரியில்லை. மென்பொருள் நாம் கொடுத்த விதியைத்தான் காக்கும். விதி அதிகமானால் அது பாட்டை இடம் பிடிக்க முடியாமல் தவிர்த்துக்கொண்டே போகும். சில பாட்டுகள் வாரக்கணக்கில் அடியில் கிடக்கும். மாதம் ஒரு முறை, எந்தப் பாட்டு எத்தனை தடவை, எந்த மணிகளில் ஓடியது என்று வரலாற்றைத் திறந்து பார்த்தால் அடியில் கிடப்பவை தெரியும். தேவையான விதிகள் கொஞ்சம்தான்: ஒரே பாடகருக்கு 60 முதல் 90 நிமிட இடைவெளி, மெதுவான இரண்டு பாட்டு அடுத்தடுத்து வரக்கூடாது, ஒரே பத்தாண்டைச் சேர்ந்தவை மூன்று சேரக்கூடாது, புதிய பாட்டின் இரு பக்கமும் நன்கு தெரிந்த பாட்டு நிற்க வேண்டும். வேகத்தை ஒன்றிலிருந்து ஐந்து வரை குறியிடும்போது மெட்ரோனோம் எண்ணை வைத்துக் குறியிடாதீர்கள். தாளம் வேகமாக இருந்தும் காதுக்கு மந்தமாகத் தோன்றும் பாட்டுகள் உண்டு. காது சொல்வதை எழுதுங்கள்.

விளம்பரம் எங்கே வைப்பது? அமெரிக்க அளவீட்டில் நேயர் கணக்கு கால் மணி நேர அலகுகளில் நடக்கிறது. அந்தக் கால் மணிக்குள் ஐந்து நிமிடம் கேட்டால் அது முழுசாக எண்ணப்பட்டது. நேயர் கேட்பதை மீட்டர் கருவி வைத்து அளக்கும் பெருநகரங்களில் 2025-லிருந்து மூன்று நிமிடமே போதும். மணிக்கு பத்து நிமிட விளம்பரத்தை இரண்டாகப் பிரித்து, 13-வது நிமிடத்திலிருந்து 18 வரை, 43-லிருந்து 48 வரை வைத்துப் பாருங்கள். கால் மணிக் கோடு விளம்பரத்தின் நடுவில் விழுகிறது. கோட்டுக்கு முன் 13 நிமிடம், பின் 12 நிமிடம் பாட்டு. இரண்டு அலகுக்கும் பழுதில்லை. நேயருக்கும் 25 நிமிடத் தொடர் இசை இரண்டு தடவை கிடைக்கிறது. அளவீட்டுக்கும் நேயருக்கும் ஒரே ஏற்பாடு ஒத்துப்போவது அபூர்வம், இங்கே ஒத்துப்போகிறது. ஐந்து நிமிடத்தை எட்டாக நீட்டும்போதுதான் குலைகிறது, எந்த இடத்தில் வைத்தாலும்.

ஒரு பாட்டிலிருந்து அடுத்ததற்குப் போகும் இடம் அவ்வளவு கவனம் பெறுவதில்லை, ஆனால் ஸ்டேஷனின் தரம் அங்கே பளிச்சென்று தெரியும். தேய்ந்து முடியும் பாட்டில், கடைசிப் பல்லவியின் வரி முடியும் இடத்தைப் பார்த்து அடுத்த பாட்டைத் தொடங்க வேண்டும். வரியின் நடுவில் வெட்டக்கூடாது, ஒலி அடங்கும் வரை காத்திருக்கவும் கூடாது. சட்டென்று முடியும் பாட்டுக்கு, கடைசி ஒலியின் அதிர்வு அடங்க அரை விநாடி விட வேண்டும். எல்லாப் பாட்டுக்கும் 'கடைசி நான்கு விநாடி' என்று தானியங்கியில் ஒரே எண்ணைப் போட்டால் பாதிப் பாட்டுகள் கழுத்தறுபடும். ஒவ்வொரு பாட்டுக்கும் கையால் புள்ளி குறிக்க வேண்டும். 500 பாட்டுதானே, செய்து முடிக்கக்கூடிய வேலை.

ஆர்ஜே பேச்சு: ஒரு தடவை மைக் திறந்தால் ஒரே ஒரு விஷயம், 10 முதல் 20 விநாடி. பாட்டின் முன்னிசை 14 விநாடி என்றால் 13-ல் முடித்து, பாடகர் குரலுக்கு வழி விட வேண்டும். குரல் மேல் குரல் ஏறுவது இந்த வகையில் மன்னிக்க முடியாத தவறு. புதிய பாட்டு என்றால் பெயரையும் பாடகரையும் கட்டாயம் சொல்ல வேண்டும். பழகிய பாட்டுக்குத் தேவையில்லை. முன்கூட்டிப் பதிவு செய்யும் பேச்சில் அடிக்கடி நேரும் கோளாறு ஒன்று உண்டு: பதிவு முடிந்த பிறகு யாரோ பாட்டு வரிசையை மாற்றிவிடுவார்கள், ஆர்ஜே ஒரு பாட்டைச் சொல்ல, வேறு பாட்டு வரும். பதிவு தொடங்கும் முன்பே அந்த நாளின் வரிசையைப் பூட்டிவிட்டால் தீர்ந்தது.

கடைசியாக ஒலி. எட்டு மணி நேரம் கேட்கும் காது, எட்டு நிமிடம் கேட்கும் காதைப்போல் இல்லை. பண்பலையில் ஒலிபரப்புக்கு முன் மேல்சுருதிகளை உயர்த்தி அனுப்பி, ரேடியோவில் இறக்குவார்கள். எவ்வளவு உயர்த்துவது என்பதை மைக்ரோவிநாடியில் ஒரு எண்ணாகச் சொல்வார்கள்: அமெரிக்காவில் 75, உலகின் பெரும்பகுதியில் 50. 75 என்றால் 15 கிலோஹெர்ட்ஸில் கிட்டத்தட்ட 17 டெசிபல் உயர்வு. 50 என்றால் 14-க்குச் சற்றுக் குறைவு. அடுத்த ஸ்டேஷனைவிடச் சத்தமாகக் கேட்க வேண்டும் என்று, ஒலியைச் சீராக்கிச் சத்தத்தைக் கூட்டும் கருவியான பிராசசரை முறுக்கினால், இந்த உயர்த்திய பகுதிதான் முதலில் நசுங்கும். பாடகியின் 'ஸ்', 'ச்' ஒலிகள் எச்சில் தெறிப்பதுபோல் கேட்கும், சிம்பல் மணல் ஆகிவிடும். நேயர் காரணம் சொல்ல மாட்டார். தலை கனக்கிறது என்று அணைத்துவிடுவார். ஏசிக்கு மெதுவான லெவல் கட்டுப்பாடும் குறைவான கிளிப்பிங்கும் (ஒலியின் உச்சிகளை வெட்டுவது) போதும். ஒன்றிரண்டு டெசிபல் சத்தத்தை விட்டுக்கொடுப்பது நல்ல பேரம்.

பிராசசரின் பாரத்தைக் குறைக்க, கோப்புகளை உச்ச அளவை வைத்துச் சமன் செய்யாமல், காது உணரும் சத்த அளவை வைத்துச் சமன் செய்யுங்கள். ஐரோப்பிய ஒலிபரப்பு ஒன்றியம் 2010-ல் வகுத்த −23 எல்யூஎஃப்எஸ் (காது உணரும் சத்தத்தின் அலகு) வசதியான இலக்கு. எண்பதுகளின் பதிவும் 2000-களின் நசுக்கிய பதிவும் ஒரே உச்ச அளவில் இருந்தாலும், பழையது பல டெசிபல் கீழே கேட்கும். மூலக் கோப்பு சுருக்காத டபிள்யூஏவி ஆகவே இருக்கட்டும். 128 கேபிபிஎஸ் எம்பி3 தனியாகக் கேட்கச் சுமாராக இருக்கும். ஸ்டுடியோவிலிருந்து டிரான்ஸ்மிட்டருக்குப் போகும் இணைப்பிலும், இணைய ஒலிபரப்பிலும் மறுபடி சுருங்கும்போது தண்ணீருக்குள்ளிருந்து பாடுவதுபோல் ஆகிவிடும்.

மோனோவிலும் கேட்டுப் பாருங்கள். ஒரு பக்கக் கேபிளில் துருவம் (கூட்டல், கழித்தல் கம்பிகள்) மாறியிருந்தால் ஸ்டீரியோவில் ஏதோ அகலமாகத்தான் தோன்றும்; ஒற்றை ஸ்பீக்கர் ரேடியோவில் நடுவில் இருக்கும் பாடகர் குரலே காணாமல் போய், பின்னணி மட்டும் ஓடும். சமையலறையிலும் அலுவலக மேசையிலும் இருப்பது பெரும்பாலும் ஒற்றை ஸ்பீக்கர்தான். மௌனத்தைக் கண்டுபிடித்து மாற்று ஒலிக்கு மாறும் கருவியும் இடம், வலம் இரண்டையும் தனித்தனியாகக் கவனிக்க வேண்டும். சேர்த்துக் கவனித்தால், ஒரு பக்கம் செத்துக் கிடந்தாலும் எல்லாம் சரி என்றே காட்டிக்கொண்டிருக்கும். எச்சரிக்கை நேரத்தை 20 அல்லது 30 விநாடிக்கு வைத்துவிட்டு, மாதம் ஒரு முறை, நேயர் குறைவான பின்னிரவில், வேண்டுமென்றே ஒரு பக்க ஒலியை நிறுத்தி அது மாறுகிறதா என்று பாருங்கள்.