முதலில் சின்னப் பிள்ளைகள்

நாங்கள் டென்மார்க்கில் வந்து இறங்கிய இரண்டே மாதத்தில் கொரோனாவுக்காக நாடு பூட்டிக்கொண்டது. 2020 ஜனவரியில் ஆர்ஹூஸ் வந்தோம். கணவருக்குக் காற்றாலை வேலை. ஆரல்வாய்மொழியிலும் முப்பந்தலிலும் காற்றாலைகளைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். அந்த இயந்திரங்களின் பிறந்த வீட்டுக்கே போகிறோம் என்று ஊரில் ஒரு பெருமை வேறு.

மகளுக்கு அப்போது ஏழு வயது. ஒன்றாம் வகுப்பில் போட்டார்கள். நாகர்கோவிலில் இரண்டாம் வகுப்பில் பெருக்கல் வாய்ப்பாடு ஒப்பித்துக்கொண்டிருந்தவள், இங்கே வந்து சேற்றில் குதிக்கவும் மழைக்காலணியைத் தானே கழற்றவும் கற்றுக்கொண்டாள். டேனிஷ் ஒரு சொல் தெரியாது. பிப்ரவரி முடியும்போது ‘தக்’ என்று நன்றி சொல்லவும், ஊஞ்சலில் தன் முறை வந்தால் கேட்டு வாங்கவும் தேறியிருந்தாள். அதோடு மார்ச் 11 வந்தது.

அன்று இரவு பிரதமர் மெத்தெ ஃப்ரெதரிக்சன் தொலைக்காட்சியில் பேசினார். எங்களுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது, நல்ல சேதி இல்லை என்று. கணவருடன் வேலை செய்பவர் போனில் ஆங்கிலத்தில் சொன்னபிறகுதான் பள்ளிகளை மூடப்போகிறார்கள் என்று விளங்கியது. மூன்று நாளில் எல்லையையும் மூடிவிட்டார்கள். ஊருக்குத் திரும்பிவிடலாமா என்று நாங்கள் பேசி முடிப்பதற்குள் இந்தியாவிலும் விமானங்கள் நின்றுபோயின.

அடுத்த ஐந்து வாரங்களைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. இரண்டு அறை வீடு. ஒன்றில் அவருடைய வேலை, இன்னொன்றில் நாங்கள் இருவரும். ஆசிரியர்கள் ‘ஆவ்லா’ என்ற பள்ளிச் செயலியில் பாடம் அனுப்புவார்கள். அதை மொழிபெயர்க்கும் கருவியில் போட்டு, வந்ததை நான் தமிழில் சொல்லி, அவள் டேனிஷில் எழுதவேண்டும். சிரிப்பாக இருக்கிறதா? மூன்றாம் வாரத்தில் எனக்கு அழுகை வந்தது. அவள் கற்ற பத்து இருபது சொற்களும் கண்ணெதிரே கரைந்துகொண்டிருந்தன. நாள் முழுக்கத் தமிழ்க் கார்ட்டூன். வேறென்ன செய்வது?

ஏப்ரல் 6 அன்று அடுத்த அறிவிப்பு. ஈஸ்டர் முடிந்து ஏப்ரல் 15 முதல் குழந்தைகள் காப்பகங்களும், தொடக்கத்திலிருந்து ஐந்தாம் வகுப்பு வரையும் திறக்கும். ஆறாம் வகுப்புக்கு மேலே உள்ளவர்கள் வீட்டிலேயே இருக்கட்டும். ஐரோப்பாவில் பூட்டிய பள்ளிகளை முதலில் திறக்கத் துணிந்த நாடு இதுதான்.

அம்மா வாட்ஸ்அப்பில் வந்தாள். “ஏ மக்ளே, உலகமே அடச்சுக் கெடக்கு. பிள்ளைய பள்ளிக்கூடத்துக்கு விடப் போறியா? அங்க உள்ளவனுக்கெல்லாம் கிறுக்கா? அதுவும் சின்னதுகள முதல்ல விடுகானாம்!”

எனக்கும் அதே கேள்விதான். நம் ஊரில் எது நடந்தாலும் பத்தாம் வகுப்பும் பன்னிரண்டாம் வகுப்பும்தானே முதலில்? பொதுத்தேர்வு இருக்கிறது, மதிப்பெண் இருக்கிறது. ஒன்றாம் வகுப்புக்கு என்ன அவசரம்? இங்கே சொன்ன காரணம் வேறு. சின்னப் பிள்ளைகளுக்கு இந்த நோய் கடுமையாக வருவது அரிது. பெரிய பிள்ளைகள் வீட்டில் தனியாக உட்கார்ந்து படித்துக்கொள்வார்கள். ஏழு வயதுப் பிள்ளையைத் தனியாக விடமுடியாது, அதை வைத்துக்கொண்டு அப்பா அம்மா வேலை பார்க்கவும் முடியாது. தேர்வைப் பற்றிய பேச்சே எழவில்லை. பள்ளிக்கூடம் எதற்காக இருக்கிறது என்பதற்கு இவர்களிடம் இருந்த பதில் நான் கொண்டுவந்த பதில் இல்லை என்று எனக்கு உறைத்தது அப்போதுதான்.

டேனிஷ்காரர்கள் எல்லோரும் சந்தோஷமாகத் தலையாட்டினார்கள் என்று நினைக்கவேண்டாம். ‘என் பிள்ளை சோதனை முயல் ஆகாது’ என்று முகநூலில் ஒரு குழு தொடங்கி ஆயிரக்கணக்கான பெற்றோர் சேர்ந்தார்கள். நமக்குச் சோதனை எலி, இவர்களுக்கு முயல். அதைப் படித்தபோது சற்று ஆறுதலாகக்கூட இருந்தது. பயப்படுவது நான் மட்டும் இல்லை.

விடுவதா வேண்டாமா என்று இரண்டு நாள் குழம்பிவிட்டு, யாழ்ப்பாணத்து அக்கா ஒருவரைக் கூப்பிட்டேன். பிப்ரவரியில் பசார் வெஸ்ட் சந்தையில் கறிவேப்பிலை தேடி நின்றபோது பழக்கமானவர். எண்பதுகளின் கடைசியில் அகதியாக வந்தவர். பள்ளி முடிந்தபின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் காப்பகத்தில் வேலை. மகளின் பள்ளி இல்லை, நகரின் மறுபக்கத்தில் வேறொன்று.

“பயப்பிடாதையுங்கோ தங்கச்சி,” என்றார். “இவையள் ஒண்டு செய்யிறதெண்டால் அதுக்கு ஒரு பேப்பர் எழுதி, அந்தப் பேப்பரில இருக்கிறதை அப்பிடியே செய்வினம். எங்கட ஊரில ஷெல் அடிக்குப் பள்ளிக்கூடம் பூட்டினவை. பிறகு திறந்தவை. திறக்கேக்க என்ன ஏற்பாடு எண்டு ஒருத்தரும் எங்களுக்குச் சொல்லேல்லை. இங்க மூண்டு நாளா எங்களுக்கு அதுதான் வேலை. தரையில ரேப் ஒட்டுறம்.”

ரேப் என்பது டேப். யாழ்ப்பாணத்தில் இப்படி ஆங்கிலச் சொல்லில் ‘ட’ வரவேண்டிய இடத்தில் ‘ர’ வரும் என்று எனக்கு அப்போது தெரியாது. ஒரு நிமிடம் திகைத்துப்போனேன்.

ஈஸ்டர் விடுமுறையில் பள்ளியிலிருந்து ஆவ்லாவில் நீண்ட கடிதம் வந்தது. மேசைக்கு மேசை இரண்டு மீட்டர். பள்ளிக்கு வந்ததும், சாப்பிடுமுன், கழிப்பறை போய்வந்தபின், அதுபோக இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறையாவது கை கழுவல். விளையாட்டுக்கு நிரந்தரமான சிறு குழு. சாப்பாட்டைப் பகிரக்கூடாது. பிறந்தநாள் கேக் கொண்டுவரக்கூடாது. பெற்றோர் கட்டடத்துக்குள் வரக்கூடாது. லேசான சளி, காய்ச்சல் என்றாலும் வீட்டில் இருக்கவேண்டும், குணமாகி 48 மணி நேரம் கழித்துத்தான் திரும்பவேண்டும். முகக்கவசம் பற்றி ஒரு வரி இல்லை. நான் மேலும் கீழும் இரண்டு முறை தேடினேன். பிள்ளைகளுக்கும் இல்லை, ஆசிரியர்களுக்கும் இல்லை. அம்மாவிடம் இதைச் சொல்லவே இல்லை.

கடிதத்தின் கடைசியில் ‘ஹோல்ட் ஏ, 8.00’, ‘ஹோல்ட் பி, 8.20’ என்று இருந்தது. மகள் பெயர் பி-க்குக் கீழே. ஆங்கில ‘ஹோல்ட்’தானே, காத்திருக்கச் சொல்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டேன். பள்ளியின் பக்கவாட்டில் ‘பி’ என்று எழுதிய கதவு ஒன்று இருந்ததைப் பார்த்திருந்தேன். முதல் நாள் காலை 8.20-க்கு அங்கே போய் நின்றோம். வெயில் நன்றாக அடித்தது, ஆனால் கை விரல் விறைக்கிற குளிர். 8.30 ஆயிற்று. 8.40 ஆயிற்று. கதவு திறக்கவில்லை. மகள் என் கோட்டைப் பிடித்துக்கொண்டு, “அம்மா, ஸ்கூல் திறக்கலியா?” என்றாள். திறக்காவிட்டால் நல்லது என்று உள்ளுக்குள் ஒரு குரல்.

கடைசியில் ஒரு ஆசிரியை கட்டடத்தைச் சுற்றி ஓடிவந்தார். இரண்டு மீட்டர் தள்ளி நின்று மூச்சு வாங்கினார். டேனிஷில் ஹோல்ட் என்றால் குழு. அவளுடைய குழு பின்பக்க மைதானத்தில் கூடி, தரையில் சாக்பீஸால் போட்ட வட்டங்களுக்குள் நின்று, பாட்டெல்லாம் பாடி முடித்துவிட்டது. ஒரு வட்டம் மட்டும் காலியாக இருந்ததால் தேடிவந்திருக்கிறார். எனக்குத் தலை குனிந்தது. அவரோ, சிரித்துக்கொண்டே மகளிடம் கையை அசைத்தார். தொடாமல், பிடிக்காமல், பின்னாலேயே அவளும் நடந்துபோனாள். ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

வேலிக்கு வெளியே நான் ஒன்றரை மணி நேரம் நின்றேன். வேறு யாராவது அப்படி நின்றார்களா என்றால், இரண்டு பேர் நின்றார்கள். அவர்களைப் பற்றிப் பிறகு.

உள்ளே எப்படி நடந்தது என்பது அக்கா சொல்லித்தான் எனக்குத் தெரியும். எல்லாப் பள்ளியிலும் ஏறக்குறைய ஒரே முறை. இங்கே அப்போது ஒரு வகுப்பில் வழக்கமாக 28 பிள்ளைகள் வரைதான் சேர்ப்பார்கள். இரண்டு மீட்டர் இடைவெளி விட்டால் ஓர் அறையில் அதில் பாதிதான் கொள்ளும். மீதிப் பேரை எங்கே வைப்பது? பெரிய வகுப்புகள் வீட்டில் இருக்கிறார்களே, அந்த அறைகளில். இரட்டிப்பான குழுக்களுக்கு ஆள் வேண்டுமே? காப்பக ஊழியர்களும் காலையிலிருந்தே வந்துவிடுவார்கள். மிச்ச நேரத்துக்கு மைதானம், பூங்கா, காடு. மகளின் குழு ரீஸ் ஸ்கோவ் காட்டுக்குப் போய்க் குச்சிகளை வைத்துக் கணக்குப் போட்டது. வெளிப்புறப் பாடம் இவர்களுக்குப் புதிதில்லை, பல காலமாகச் செய்வதுதான். கொரோனா அதை நாள் முழுக்க நீட்டிவிட்டது.

பிற்பாடு ஊரில் சிலர், டென்மார்க்கே திறந்துவிட்டது, நம்மால் முடியாதா என்று கேட்டபோது எனக்கு எரிச்சல் வந்தது இதனால்தான். துணிச்சல் ஒரு பங்கு என்றால், காலி அறை, தண்ணீர் வரும் குழாய், சோப்பு, மைதானம், கூடுதல் ஆள் எல்லாம் மூன்று பங்கு. ஒரு பெஞ்சில் ஐந்து பேர் உட்கார்ந்து படித்தவள் நான். அந்த அறையில் இரண்டு மீட்டரை எங்கே கொண்டுபோய் வைப்பது?

இரண்டாம் வாரம் மகளின் புறங்கை மீன்செதில் மாதிரி வெடித்துவிட்டது. நாளுக்கு எட்டு முறை கழுவினால் வேறென்ன ஆகும்? பள்ளியிலிருந்து, கழுவியபின் தடவ களிம்பு கொடுத்தனுப்புங்கள் என்று குறிப்பு வந்தது. அம்மா தேங்காயெண்ணெய் தேய்க்கச் சொன்னாள். தேய்த்தேன். மறுநாள் மைதானத்தில் அவளுடைய குழுவில் இருந்த ஒரு பையன் அவள் கையை முகர்ந்துபார்த்து “கேக் மாதிரி மணக்கிறது” என்றானாம். இரண்டு மீட்டர் தள்ளி நின்று எப்படி முகர்ந்தான் என்று நான் கேட்கவில்லை. சின்னப் பிள்ளைகள் எவ்வளவு தூரத்துக்கு விதியைக் காப்பாற்றும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். அதனால்தான் அதே நான்கைந்து பேர் மட்டும் சேர்ந்து விளையாடட்டும் என்று கட்டியிருந்தார்கள். ஆனால் அந்த நான்கைந்து பேர்தான் என் மகளுக்குக் கிடைத்த வரம். 26 பேருக்கு நடுவில் மூலையில் நின்றவள், அந்தச் சிறு குழுவில் ஒளிய முடியாமல் பேசத் தொடங்கினாள். ஜூனில் அவள் டேனிஷில் சண்டை போடுவதை வேலிக்கு வெளியிலிருந்து கேட்டேன். காதுக்கு இனிமையாக இருந்தது.

எனக்கும் அந்த வேலிதான் வழி செய்தது. பள்ளிக்குள் விடாததால் பெற்றோர் எல்லோரும் வெளியே, தள்ளித் தள்ளி, பிள்ளைகளுக்காகக் காத்து நிற்கவேண்டும். சாதாரண நாளில் என்னைக் கடந்து போயிருப்பவர்கள், நிற்க வைத்தால் பேசத்தானே வேண்டும்? முதல் நாள் என்னைப்போலவே நின்ற இருவரில் ஒருவர் சிரியாவிலிருந்து வந்தவர், இன்னொருவர் டேனிஷ்காரி. அவளும் தூங்கவில்லையாம். அவளிடம்தான் ‘சம்ஃபுன்ஸ்சின்’ என்ற சொல்லைக் கேட்டுக்கொண்டேன். பிரதமர் பேச்சில் வந்து எல்லோர் வாயிலும் புரண்டு, அந்த ஆண்டின் சொல்லாகவே அதைத் தேர்ந்தெடுத்தார்கள். அக்காவிடம் அர்த்தம் கேட்டபோது, “தனக்கெண்டு பார்க்காமல் ஊருக்கெண்டு பார்க்கிறது,” என்றார். கொஞ்சம் யோசித்து, “எல்லாரும் பார்க்கிறேல்லை, ஆனால் பார்க்காட்டி வெக்கப்படுவினம்,” என்று சேர்த்துக்கொண்டார்.

மே 10 அன்று இரண்டு மீட்டரை ஒரு மீட்டராக்கினார்கள். மே 18 முதல் ஆறாம் வகுப்புக்கு மேலே இருப்பவர்களும் வந்தார்கள். “ஒரே ராத்திரியில வைரஸ் ஒரு மீட்டர் சுருங்கிட்டோ?” என்று கணவர் கேட்டார். அறைகள் மீண்டும் நிரம்பவேண்டும் என்றால் எதையாவது சுருக்கத்தானே வேண்டும். எப்படியோ, சின்னப் பிள்ளைகளைத் திறந்துவிட்டதால் நோய் பொங்கி எழும் என்று நாங்கள் பயந்தது அந்த வசந்தத்தில் நடக்கவில்லை.

நடந்தது குளிர்காலத்தில். டிசம்பரில் பெரிய வகுப்புகளையும், பிறகு எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பினார்கள். 2021 பிப்ரவரி 8 அன்று திரும்பத் திறந்தபோதும் அதே வரிசைதான். நான்காம் வகுப்பு வரை முதலில். இந்த முறை எந்தக் கதவில் நிற்பது என்று நான் இன்னொரு அம்மாவுக்குச் சொல்லிக்கொடுத்தேன்.

ஊரில் தம்பி மகன் 2020 ஜூனில் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்திருக்கவேண்டியவன். சேர்ந்தான், தம்பியின் கைபேசியில். பத்தாம் வகுப்புக்கும் பன்னிரண்டாம் வகுப்புக்கும் 2021 ஜனவரி 19 அன்று திறந்தார்கள், பிறகு ஒன்பதும் பதினொன்றும். இரண்டாம் அலையில் எல்லாம் மறுபடி மூடல். ஒன்றிலிருந்து எட்டு வரை உள்ளவர்களுக்கு அரசு அனுமதி தந்தது 2021 நவம்பர் 1 முதல். மழை விடுமுறைகளும் போக, அவன் ஒழுங்காக வகுப்பில் உட்காரும்போது இரண்டாம் வகுப்பும் பாதி முடிந்துவிட்டது. முந்தின வருஷம் எடுத்த சீருடைக் கால்சட்டை தொடைக்கு மேலே நின்றது. அம்மா தையலைப் பிரித்துவிட்டு அனுப்பினாள்.

அந்த டிசம்பரில் இங்கே மறுபடியும் தொற்று ஏறி, 15-ஆம் தேதியே கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு முந்தி பள்ளிகளை அடைத்துவிட்டார்கள். காலையில் இங்கே இன்னும் இருட்டு. வீடியோவில் தம்பி மகன் நெற்றியில் விபூதியும் தோளில் பையுமாகச் சாப்பாட்டு டப்பாவைத் தூக்கிக் காட்டினான். மகள் போர்வைக்குள்ளிருந்து தலையை மட்டும் நீட்டினாள்.

“உனக்கு ஸ்கூல் இல்லியா?” என்றான்.

“இல்ல.”

“எனக்கு இருக்கே,” என்று சொல்லிவிட்டு, தம்பி வண்டியைக் கிளப்பும் சத்தம் கேட்டதும் போனை அம்மாவிடம் போட்டுவிட்டு ஓடினான்.