டிமீட்டர் கப்பலின் குறிப்பேட்டை எந்தத் தேதியில் வைப்பது?

தேதியிட்ட நாட்குறிப்புகளும் கடிதங்களும் செய்தித்தாள் நறுக்குகளுமாகவே அமைந்த பிராம் ஸ்டோக்கரின் ‘டிராகுலா’ நாவலை (1897) தேதி வரிசையில் பிரித்தடுக்கி, ஒவ்வொரு பகுதியையும் அதற்குரிய நாளிலேயே வாசிக்கும் என் முயற்சி ஆகஸ்டைத் தொட்டுவிட்டது. என்னை வெகுவாக அலைக்கழித்த, டிராகுலா பிரபுவை இங்கிலாந்துக்குக் கொண்டுவரும் டிமீட்டர் கப்பலின் குறிப்பேடும் ஒருவழியாகத் தன் இடத்தில் அமர்ந்துவிட்டது.

மே மாதம் எளிது. நாவலின் முதல் நான்கு அத்தியாயங்கள், பிரபுவின் கோட்டையில் சிக்கிக்கொண்ட இளம் வழக்கறிஞன் ஜோனதனின் நாட்குறிப்பாகவே ஜூன் 30 வரை ஓடுகின்றன. ஐந்தாம் அத்தியாயம் மே 9-க்குத் திரும்புகிறது. இரண்டையும் ஊடாக அடுக்கினால் விபரீதமான பொருத்தங்கள் அமைகின்றன. பிரபுவின் கட்டாயத்தால், ஜூன் மாதத் தேதிகளிட்டு மூன்று கடிதங்களை மே 19 அன்றே எழுதிக் கொடுக்கும் ஜோனதன், தன் ஆயுளின் எல்லையை அறிந்துகொள்கிறான். ஐந்தே நாள் கழித்து, ஒரே நாளில் மூவர் தன்னை மணக்கக் கேட்டதை லூசி பூரிப்போடு தன் தோழியும் ஜோனதனின் வருங்கால மனைவியுமான மீனாவுக்கு எழுதுகிறாள்.

சிக்கல் ஜூலையில்தான். சுக்கானோடு கட்டுண்டு இறந்த தலைவனைச் சுமந்து கப்பல் இங்கிலாந்தின் விட்பி துறைமுகத்தில் கரையேறிய பிறகே, செய்தித்தாள் நறுக்கின் பகுதியாகக் குறிப்பேடு நமக்குக் கிடைக்கிறது. அதிலுள்ள தேதிகளோ ஜூலை 6 முதல் ஆகஸ்ட் 4 வரை. நடந்த நாளில் வைத்தால் புயல் காட்சியின் மர்மம் கெடும். கிடைத்த நாளில் வைத்தால் இம்முயற்சிக்கே பொருளில்லை. மர்மத்தை விட்டுக்கொடுத்தேன். அங்கேயும் ஒரு முள் இருந்தது: பல்கேரியாவின் வார்னா துறைமுகத்தில் வெள்ளி மணலும் மண் நிரம்பிய பெட்டிகளும் ஏற்றிப் புறப்பட்டது முதலான செய்திகளைத் தலைவன் ஜூலை 18 அன்றுதான், விசித்திரங்கள் மிகுந்துவிட்டதால், பின்னோக்கி எழுதத் தொடங்குகிறான். ஆகவே 17 வரையான குறிப்புகளை ஒரே கட்டாக 18-இல் வைத்தேன். மாலுமி பெட்ரோஃப்ஸ்கி காணாமற்போனதும், உயர்ந்து மெலிந்த அந்நியன் ஒருவன் தென்பட்டதும் ஒரே மூச்சில் வந்து விழுந்தன. அதன்பின் 24-இலிருந்து 28 வரை கப்பலிலிருந்து ஒரு சொல்லும் இல்லை. அந்த இடைவெளியில், கப்பல் வந்து சேரவிருக்கும் அதே விட்பியில் அமர்ந்து, ஜோனதனிடமிருந்து கடிதம் வரவில்லையே என்று மீனா கவலைப்பட்டுக்கொண்டிருக்கிறாள். நூலில் சில நிமிடங்களில் கடந்துவிடும் பக்கங்கள் இவை. இந்த வரிசையிலோ கப்பலில் ஆள் குறையக் குறைய நானும் நாள் கணக்கில் காத்திருக்க வேண்டியிருந்தது. இரத்தம் சிந்தும் காட்சி எதுவும் எனக்கு இந்த அச்சத்தைத் தந்ததில்லை என்று துணிந்தே சொல்வேன்.

இதைச் செய்ய விரும்புவோர் ஒருபக்க அச்சே எடுக்கவேண்டும்; பக்கத்தின் நடுவில் தேதி மாறுவதால் இருபக்கத் தாளை வெட்ட இயலாது. பினாங்கின் ஈரக்காற்றில் எண்பது கிராம் தாள் சுருள்கிறது. பசை ஒட்டிய ஓரம் அலை அலையாக எழும்புகிறது. நான் பயன்படுத்தும் நகலகத்தார் எத்தனை முறை சொன்னாலும் இருபக்கமாகவே அச்சிட்டுத் தருகிறார்கள். சௌராஸ்தா சந்தையின் மாடியிலுள்ள பழைய புத்தகக் கடைகளில் மலிவுப் பதிப்பு கிடைத்தால் வாங்கி வையுங்கள். வெட்டியவற்றைச் சரிபார்க்க முழுநூல் ஒன்று தேவைப்படும். அங்கேயே விக்கிரமாதித்தன் கதையும் தேடிக்கொண்டிருக்கிறேன். அடுத்து, வேதாளம் சொல்லும் இருபத்தைந்து கதைகளையும் இரவுக்கொன்றாக வாசிக்க எண்ணம். ஆனால் அவற்றில் தேதி இல்லாததால் கத்தரிக்கோலுக்கு வேலையிராது.

அதற்குமுன் செப்டம்பர் 17 காத்திருக்கிறது. அன்றிரவு நோயுற்ற லூசிக்குக் காவலிருக்கும்படி மருத்துவப் பேராசிரியர் வான் ஹெல்சிங் ஆண்ட்வெர்ப்பிலிருந்து அடித்த தந்தி, முகவரியில் மாவட்டப் பெயர் இல்லாததால் இருபத்திரண்டு மணிநேரம் தாமதமாகவே அவருடைய முன்னாள் மாணவரான மருத்துவர் சீவர்டின் கைக்குச் சேருகிறது. எழுதிய நாளே அளவுகோல் என்றால் அது 17-இல் வரவேண்டும். அப்படி வைத்தால் சீவர்டுக்குத் தெரியாதது எனக்குத் தெரிந்திருக்கும். இப்போதைக்கு அத்தாளை 17-இலேயே கோத்திருக்கிறேன். மீனா லூசிக்கு எழுதி, லூசி பிரிக்காமலே போன கடிதங்களுக்கும் அதே விதிதான்.