மார்கழிப் பனியில வெண்ணாத்தங்கரைக்கு வீல்சேர்ல: ஒத்தைச் சக்கரம் மாட்டிப் பார்த்த கதை

தென்னை மரத்துலேர்ந்து விழுந்து இடுப்புக்குக் கீழ உணர்ச்சி இல்லாம போயி 7 வருஷம் ஆச்சு. வீட்லேர்ந்து வெண்ணாறு, காவிரியிலேர்ந்து பிரியுற ஆறு, கூப்பிடு தூரம்தான், ஆனா கரைமேல தனியா போனதே இல்ல, கோடையில யாராச்சும் தள்ளிட்டுப் போவாங்க, ஐப்பசி மழை புடிச்சா அதுவும் கிடையாது. மார்கழியில ஆறு ததும்பிக்கிட்டு போவுது, புல்லெல்லாம் பனின்னு ஊரே வந்து சொல்லும், நான் திண்ணையில உக்காந்து கேட்டுக்குவேன்.

தடை என் கைபலம் இல்ல, முன்னாடி இருக்கிற 6 இன்ச் குட்டிச் சக்கரம். களிமண்ல அது மம்பட்டி மாதிரி எறங்கிடும், அதுக்கு மேல தள்ளுனா நாமதான் குப்புற விழணும். பனி கொட்டுற நாட்டுலயும் இதே தலைவலிதான் போல. அங்க குட்டிச் சக்கரத்துல சின்ன ஸ்கீ, அதாவது பனியில சறுக்குற பலகை, மாட்டிக்கிறாங்க, இல்லாட்டி கால்மிதியில பெரிய ஒத்தைச் சக்கரத்தை மாட்டி குட்டிச் சக்கரம் ரெண்டையும் தரையிலேர்ந்து தூக்கிடுறாங்க. ஃப்ரீவீல்னு விக்கிறது இதான். விலையைப் பார்த்துட்டு போனைக் கீழ வச்சிட்டேன். ஸ்கீ நம்ம சேத்துக்கு சரிப்படாது, ஒட்டிக்கும். அதனால காயலான் கடையில ஒரு கொழந்தை சைக்கிளோட 12 இன்ச் முன்சக்கரம், அதைப் புடிச்சிருக்கிற கவை மாதிரி கம்பி, அந்த போர்க்கோட எடுத்துட்டு வந்தேன்.

மொத தடவை கால்மிதியிலயே போல்ட் போட்டு மாட்டுனோம். என்னோடது மடக்கு நாற்காலி, கால்மிதி தனியா கழலுற டைப்பு, தெருமுனை தாண்டல, வளைஞ்சு போச்சு. அப்புறம் முன் ஃப்ரேம் ரெண்டையும் சேத்து குறுக்க ஒரு பைப்பு, கிளாம்ப் போட்டு, அதுலேர்ந்து சக்கரம். இப்ப கெட்டியா நின்னுச்சு, ஆனா கொஞ்சம் வேகம் எடுத்தா சக்கரம் பேயாட்டம் ஆடுது. பட்டறை அண்ணன் பார்த்துட்டு சிரிச்சார். "தம்பி, சைக்கிள்னா ஹேண்டில்பாரை நீ புடிச்சுக்குவ, இத யாரு புடிக்கிறது? போர்க்கைத் திருப்பிப் போடு, சக்கரம் பின்னால இழுபட்டு வரணும்"னார். திருப்பிப் போட்டோம், ஆட்டம் நின்னுச்சு. அவ்ளோதான் விஷயம், இதுக்கு நான் ரெண்டு வாரம் மண்டையை ஒடைச்சிருக்கேன்!

இன்னொரு கூத்து, ரிவர்ஸ் வந்தா அந்தச் சக்கரம் சுத்தி வந்து கால் கட்டைவிரல்ல இடிக்கும். எனக்கு வலி தெரியாது, ரத்தத்தைப் பார்த்துதான் தெரிஞ்சுது. பைப்பை 4 இன்ச் முன்னாடி தள்ளி வெல்டு வச்சோம்.

பின்னாடிக்கு சேத்துல புடிப்பு கிடைக்க பட்டன் பட்டனா மேடு வச்ச சைக்கிள் டயர் போடலாம்னு 24 இன்ச் வாங்கிட்டு வந்து ஏமாந்தேன். ரெண்டுலயும் 24ன்னுதான் போட்டிருக்கு, ஆனா வீல்சேர் ரிம் 540 மில்லிமீட்டர், மலை சைக்கிள் டயர் 507, ஏறவே ஏறாது. வாங்குறவங்க டயர் பக்கவாட்டுல இருக்கிற அந்த சின்ன நம்பரைப் படிச்சுட்டு வாங்குங்க. பின்டயர் இன்னும் பழசுதான். தள்ளுற வளையம் பனியில வழுக்குதுன்னு பழைய டியூபைக் கிழிச்சு சுத்தியிருக்கேன், அது நல்லா இருக்கு.

மார்கழி 5, காலையில ஆறு மணி. கரை ஏத்தத்துல மட்டும் மச்சான் பின்னாடி புடிச்சான், மேல வந்ததும் "நீ போடா"ன்னு விட்டுட்டேன். சக்கரம் சேத்து மேல ஏறி ஏறிப் போவுது, குட்டிச் சக்கரம் ரெண்டும் அந்தரத்துல சும்மா சுத்துது. புளியமரம் வரைக்கும் ஒரு கிலோமீட்டர் இருக்கும், முக்கா மணி நேரம். நடுவுல நிறுத்தி முன்னாடி குனிஞ்சு 2 நிமிஷம் இருந்தேன், படுக்கைப்புண் வராம இருக்க வழக்கமா செய்யுறதுதான், முன்னாடி சக்கரம் நீண்டு நிக்கிறதால குப்புற விழுந்துடுவோமோங்கிற பயம் இல்ல.

வீட்டுக்கு வந்தா கால் ரெண்டும் பனியில நனைஞ்சு ஐஸ் கட்டி. அம்மா பதறிப்போயி சுடுதண்ணி பையை எடுத்துட்டு வந்துட்டாங்க, போன வருஷம் அப்படி வச்சுதான் கொப்புளம் போட்டு ஒன்றரை மாசம் படுத்தேன், அதனால வேணாம்னுட்டேன். தொடைச்சுட்டு கம்பளி சாக்ஸ் போதும்.

சக்கரத்துல அப்புன களியைச் சுரண்ட அரை மணி நேரம், கருவேல முள்ளால ரெண்டு பஞ்சர். ஆத்துத் தண்ணியைத் திறந்து மூடுற சட்ரஸ் வரைக்கும் இன்னும் போகல. மேட்டூர் அணையை வழக்கமா ஜனவரி 28ல மூடுவாங்க, அப்புறம் ஆத்துல தண்ணி கொறைஞ்சிடும், அதுக்குள்ள போயிரணும்.