வாரத்துக்கு 12 மணி நேரச் சிறுநீரகம்

சிறுநீரகம் செயலிழந்துவிட்டது என்றால், அது ஒரே இரவில் நின்றுபோனதாகத்தான் பலரும் நினைக்கிறார்கள். அப்படித் திடீரென்று நேர்வதும் உண்டு. கடுமையான நீரிழப்பு, தொற்று, சில மருந்துகள் போன்றவற்றால் வரும் அந்த வகை, உடனே கவனித்தால் பல நேரங்களில் சரியாகிவிடும். எனக்கு வந்தது மற்றொன்று. ஆண்டுக்கணக்கில் மெல்லத் தேய்ந்து, தேய்ந்த பகுதி திரும்பி வராத வகை. அந்த ஆண்டுகளில் எனக்கு விளங்கியதை எழுதுகிறேன். இப்போதுதான் மருத்துவரின் வாயிலிருந்து இந்தச் சொல்லைக் கேட்டுப் பயந்துபோயிருக்கும் ஒருவருக்காவது உதவ வேண்டும் என்பது என் விருப்பம்.

எனக்கு நீரிழிவு இல்லை. சிறுநீரகம் கெடுவதற்கு நீரிழிவும் உயர் ரத்த அழுத்தமுமே முதன்மையான காரணங்கள் என்பதால், இவை இல்லாதவர்களுக்குச் சந்தேகமே வருவதில்லை. சிறுநீரில் நுரை நெடுநேரம் கலையாமல் நின்றது, மாலையில் கணுக்கால் வீங்கியது. இவை இரண்டும்தான் எனக்கு வந்த அறிகுறிகள். பரிசோதனையில் சிறுநீரில் புரதம் ஏராளமாக வெளியேறுவது தெரிந்தது. என்னைக் குப்புறப் படுக்கவைத்து, ஸ்கேன் பார்த்தபடியே முதுகுப் பக்கமாக ஊசி செலுத்தி, சிறுநீரகத்திலிருந்து நூல் போன்ற திசுவை எடுத்தார்கள். ஐஜிஏ நெஃப்ரோபதி என்று முடிவு வந்தது. உடலின் எதிர்ப்புப் புரதம் ஒன்று சிறுநீரக வடிகட்டிகளில் படிந்து அழற்சி உண்டாக்கும் நோய் அது.

ஒவ்வொரு சிறுநீரகத்திலும் நெஃப்ரான்கள் என்ற நுண்ணிய வடிகட்டிகள் ஏறத்தாழ 10 லட்சம் இருக்கின்றன. சில அழிந்தால் மற்றவை கூடுதலாக உழைத்து ஈடுகட்டிவிடும். அதனால்தான் பெரும்பகுதி போகும்வரை நமக்கு எதுவும் தெரிவதில்லை. இங்கேதான் கிரியேட்டினின், அதாவது சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய ஒரு கழிவு ரத்தத்தில் எவ்வளவு இருக்கிறது என்ற எண்ணைச் சரியாகப் படிக்கத் தெரிய வேண்டும். கிரியேட்டினின் 1-லிருந்து 2 ஆனால், "ஒன்றுதானே கூடியிருக்கிறது" என்று வீட்டில் ஆறுதல் சொல்வார்கள். அதற்குள் வடிகட்டும் திறனில் ஏறக்குறைய பாதி போயிருக்கும். அதே எண் 5-லிருந்து 6 ஆகும்போது எல்லோரும் பதறுவார்கள். ஆனால் அந்தக் கட்டத்தில் இழப்பது, ஏற்கெனவே மிஞ்சியிருந்த கொஞ்சத்தில் ஒரு சிறு பகுதிதான். பதற வேண்டிய இடத்தில் ஆறுதலும், நிதானமாகத் திட்டமிட வேண்டிய இடத்தில் பதற்றமுமாக எத்தனையோ குடும்பங்களைப் பார்த்துவிட்டேன்.

அதனால் ஈஜிஎஃப்ஆர் என்ற எண்ணைக் கேட்டு வாங்குங்கள். கிரியேட்டினின், வயது, பாலினம் ஆகியவற்றைக் கொண்டு சிறுநீரகத்தின் வடிகட்டும் திறனைக் கணக்கிடும் மதிப்பு அது. 60-க்குக் கீழே மூன்று மாதங்களுக்கு மேல் நீடித்தால் நாள்பட்ட சிறுநீரக நோய். 30-க்குக் கீழே போனால் நான்காம் நிலை. 15-க்குக் கீழே ஐந்தாம் நிலை, அதாவது செயலிழப்பு. ரத்த அழுத்தத்தையும் புரதக் கசிவையும் சேர்த்துக் குறைக்கும் மாத்திரைகளும், உப்பைக் குறைத்ததும், வலி மாத்திரைகளை அறவே தவிர்த்ததும் எனக்குச் சில நல்ல ஆண்டுகளைப் பெற்றுத் தந்தன. இந்தக் கட்டத்தில்தான் "கிரியேட்டினினைக் குறைக்கும்" பொடிகளையும் லேகியங்களையும் அன்போடு கொண்டுவந்து கொடுப்பார்கள். நான் தொடவில்லை. அரிஸ்டலோக்கிக் அமிலம் உள்ள மூலிகைகள் நேரடியாகவே சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்பது நிரூபிக்கப்பட்ட உண்மை. பொட்டலத்துக்குள் என்ன இருக்கிறதென்று தெரியாதபோது, மிச்சமிருக்கும் நெஃப்ரான்களை வைத்துச் சோதனை செய்ய முடியாது.

ஈஜிஎஃப்ஆர் 20-க்குக் கீழே இறங்கியபோது இயந்திரத்தின் வழியாக ரத்தத்தைச் சுத்திகரிக்கும் டயாலிசிஸுக்கு முன்னேற்பாடான ஃபிஸ்டுலா பற்றி மருத்துவர் பேசினார். என் கணவருக்கு அது பிடிக்கவில்லை. "நன்றாக நடமாடுகிறவளுக்கு இப்போதே எதற்கு, டாக்டர்?" என்று கேட்டார். "நடமாடும்போதுதான் செய்ய வேண்டும்" என்றார் மருத்துவர். முன்கையில் ஒரு தமனியையும் சிரையையும் இணைத்துத் தைப்பதுதான் ஃபிஸ்டுலா. தமனியின் வேகமான ரத்தம் பாய்வதால் சிரை நாளடைவில் அகன்று தடிக்கும். ஊசி குத்தும் அளவுக்கு அது முதிரச் சில வாரங்களோ சில மாதங்களோ ஆகும். அதற்குள் அவசரம் வந்துவிட்டால் கழுத்துச் சிரையில் குழாய் செருகித்தான் டயாலிசிஸ் செய்வார்கள். அந்தக் குழாய் வழியாகக் கிருமி நேரே ரத்தத்தில் நுழையும் வாய்ப்பு அதிகம்.

மரத்துப்போக ஊசி போட்டு, இடது முன்கையில் அறுவை செய்தார்கள். அன்று முதல் அந்தக் கையில் ரத்த அழுத்தம் பார்க்கவோ ரத்தம் எடுக்கவோ யாரையும் விடவில்லை. காலையில் கண் விழித்ததும் தழும்பின் மேல் விரல் வைத்துப் பார்ப்பேன். விறுவிறுவென்று ஓர் அதிர்வு தெரியும். அது நின்றால் ரத்தம் உறைந்துவிட்டது என்று பொருள், உடனே ஓட வேண்டும்.

டயாலிசிஸை எப்போது தொடங்குவது என்பதை எண் மட்டும் தீர்மானிப்பதில்லை. ஈஜிஎஃப்ஆர் 10-க்குக் கீழே போன பிறகும் சில காலம் மருந்துகளோடு ஓட்டினேன். சிவப்பணுக்களை உண்டாக்கத் தூண்டும் எரித்ரோபோயெட்டினைச் சுரப்பது சிறுநீரகம்தான். அது குறைந்ததால் ஹீமோகுளோபின் சரிந்தது. அதற்கு ஊசியும் இரும்புச்சத்தும் கொடுத்தார்கள். பாஸ்பரஸ் ஏறியதற்குச் சாப்பாட்டோடு விழுங்கும் மாத்திரை. பிறகு காலையில் குமட்டல், வாயில் உலோகச் சுவை, தோலெங்கும் அரிப்பு, படுத்தால் மூச்சு முட்டல். இனி தள்ளிப்போடக் கூடாது என்றார் மருத்துவர்.

வயிற்று வழி டயாலிசிஸையும் விளக்கினார்கள். வயிற்றின் உட்புறச் சவ்வையே வடிகட்டியாகக் கொண்டு, சர்க்கரை கலந்த திரவத்தைக் குழாய் வழியாக உள்ளே விட்டு, சில மணி நேரம் கழித்து வடித்துவிடும் முறை அது. வழக்கமாக நாளொன்றுக்கு நான்கு முறை, வீட்டிலேயே செய்துகொள்ளலாம். வேலைக்குப் போகிறவர்களுக்கு அது பெரிய விடுதலை. சுத்தம் தவறினால் வயிற்றில் தொற்று வரும். வடியும் திரவம் கலங்கியிருந்தால் அதுதான் முதல் எச்சரிக்கை. எனக்குப் பழைய வயிற்று அறுவைத் தழும்புகள் இருந்ததால் ரத்த டயாலிசிஸைத் தேர்ந்தெடுத்தோம்.

முதல் முறை இரண்டு மணி நேரம் மட்டும், மெதுவாகச் செய்தார்கள். ரத்தத்தில் சேர்ந்திருக்கும் யூரியா என்ற கழிவை வேகமாக இறக்கினால் மூளையில் நீர் கோத்துத் தலைவலியும் குழப்பமும் வரும் என்பதால்தான் அந்த நிதானம். இரண்டு ஊசிகள். ஒன்றின் வழியாக ரத்தம் வெளியேறும், மற்றொன்றின் வழியாகத் திரும்பி வரும். நடுவே உள்ள உருளைக்குள் மயிரிழை போன்ற உள்ளீடற்ற இழைகள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. இழைக்குள்ளே ரத்தம், வெளியே எதிர்த் திசையில் ஓடும் திரவம். கழிவு தானாகவே அடர்த்தி குறைந்த பக்கத்துக்கு நகர்ந்துவிடுகிறது. எந்த நேரத்திலும் உடலுக்கு வெளியே இருப்பது கால் லிட்டர் ரத்தம்கூட இருக்காது என்று செவிலியர் சொன்ன பிறகுதான் என் கணவர் அந்தக் குழாய்களை நிமிர்ந்து பார்த்தார்.

நடைமுறையில் பயன்படும் டயாலிசிஸ் இயந்திரத்தை முதலில் உருவாக்கியவர் நெதர்லாந்தைச் சேர்ந்த மருத்துவர் வில்லம் கோல்ஃப். 1943-இல், போருக்கு நடுவே. அவருடைய தொடக்ககால நோயாளிகளில் ஏறக்குறைய எல்லோரும் இறந்துபோனார்கள். 1945-இல் 67 வயதுப் பெண்மணி ஒருவர் பிழைத்தார். அத்தனை இறப்புகளுக்குப் பிறகும் கோல்ஃப் விட்டுவிடாமல் இருந்ததை நான் நன்றியோடு நினைத்துக்கொள்வேன்.

வாரம் மூன்று முறை, முறைக்கு நான்கு மணி நேரம் என்று வழக்கமானது. வாரத்துக்கு 168 மணி நேரம் ஓயாமல் நடக்க வேண்டிய வேலை, 12 மணி நேரத்தில் முடிக்கப்படுகிறது. இந்தக் கணக்கு புரிந்தபோதுதான் மற்ற 156 மணி நேரம் என் பொறுப்பு என்பது புரிந்தது. எனக்குச் சிறுநீர் வெகுவாகக் குறைந்துவிட்டிருந்தது. குடிக்கும் ஒரு லிட்டர் அப்படியே ஒரு கிலோ எடையாகி ரத்தக்குழாய்களிலும் நுரையீரலிலும் தேங்கும். மிகுதியான நீரை நான்கு மணி நேரத்தில் இழுத்தால் அழுத்தம் சட்டென்று விழும், கெண்டைக்கால் முறுக்கிக்கொள்ளும். அந்த வலியில் நான் கத்தியிருக்கிறேன். தண்ணீரை அடக்குவதைவிட உப்பை அடக்குவதே வழி என்று அங்கிருந்த டெக்னீஷியன் ஒருவர்தான் சொல்லிக்கொடுத்தார். "உப்பைக் குறையுங்கள் அம்மா, தாகம் தானாகக் குறையும்." அப்படியே குறைந்தது. சிறிய குவளைக்கு மாறினேன். மாத்திரைகளைச் சாப்பாட்டு நேரத்தோடு சேர்த்துக்கொண்டேன்.

பார்க்க வருகிறவர்கள் பழச்சாறு கொண்டுவருவார்கள். அதில் நிறைந்திருக்கும் பொட்டாசியத்தை வெளியேற்ற எனக்கு வழி இல்லை, அது மிகுந்தால் இதயம் தாறுமாறாகத் துடித்து நின்றே போகலாம் என்று ஒவ்வொருவரிடமும் பொறுமையாகச் சொல்ல வேண்டியிருந்தது. சொல்லத்தான் வேண்டும். ஒரு முறை டயாலிசிஸைத் தவறவிடுவதும் அதே ஆபத்தைத்தான் கொண்டுவரும்.

சிறுநீரகம் தருவதாகத் தம்பி முன்வந்தான். ரத்தப் பிரிவு, திசுப் பொருத்தம், என் ரத்தத்தில் அவனுடைய செல்களுக்கு எதிரான புரதங்கள் இருக்கின்றனவா என்ற சோதனை, அவனுடைய சிறுநீரகங்களின் ரத்தக்குழாய்களைக் காட்டும் ஸ்கேன் என்று எல்லாம் பார்த்தார்கள். ஒரு நாள் வெளியே வந்து சொன்னான்: "என்னைத் தனியாக உட்காரவைத்து, யாராவது வற்புறுத்தினார்களா என்று கேட்டார்கள், அக்கா. மனம் மாறினால் காரணம் சொல்லாமலேயே நிறுத்திவிடுவோம் என்றும் சொன்னார்கள்." அந்தக் கேள்வியை அவனிடம் கேட்டதற்காக அந்த மருத்துவக் குழுவின் மேல் எனக்கு மதிப்பு கூடியது.

புதிய சிறுநீரகத்தை அடிவயிற்றின் வலப்புறம் வைத்தார்கள். பழையவை இருந்த இடத்திலேயே இருக்கின்றன. இது நோயை ஒழித்துவிட்டதாக யாரும் எண்ண வேண்டாம். ஐஜிஏ நெஃப்ரோபதி புதிய சிறுநீரகத்திலும் திரும்ப வரக்கூடும். உடல் அதை நிராகரிக்காமல் இருக்க டாக்ரோலிமஸ் முதலான மருந்துகளை 12 மணி நேரத்துக்கு ஒருமுறை, நேரம் பிசகாமல் எடுக்கிறேன். ரத்தத்தில் டாக்ரோலிமஸின் அளவு பார்க்கும் நாளில், ரத்தம் கொடுத்த பிறகே காலை மாத்திரை. எதிர்ப்புச் சக்தியை இந்த மருந்துகள் தணிப்பதால் லேசான காய்ச்சலைக்கூட உடனே தெரிவிக்க வேண்டும்.

தம்பியின் ஒற்றைச் சிறுநீரகம் கூடுதல் வேலையை ஏற்றுக்கொண்டு நன்றாக இயங்குகிறது. கொடையாளர்களை அறுவைக்குப் பிறகு குடும்பத்தார் மறந்துவிடுவது வழக்கம். அவர்களுக்கும் ஆண்டுதோறும் ரத்த அழுத்தம், கிரியேட்டினின், சிறுநீர்ப் புரதம் மூன்றையும் பார்க்க வேண்டும், வலி மாத்திரைகளை அவர்களும் தவிர்க்க வேண்டும். அவனுடைய பரிசோதனைத் தேதியை நான்தான் குறித்துவைக்கிறேன், நானே உடன் போகிறேன்.