தையல் மிஷினைத் தொடக்கூடாது

கோர்ட்டில் நான் பார்த்தது அமீனா வேலை, அதாவது கோர்ட் உத்தரவுப்படி கடனாளியின் பொருளை ஜப்தி செய்வது. ஆர்டரில் 'முதுநிலை கட்டளை நிறைவேற்றுநர்' என்று இருக்கும். அதை முழுதாகச் சொல்லி யாரும் என்னைக் கூப்பிட்டதில்லை. தெருவில் எனக்குப் பெயர் ஜப்திக்காரர். தலையைக் கண்டதுமே கதவைச் சாத்துவார்கள்.

சாத்தினால் உடைத்துவிட முடியாது. 1908 உரிமையியல் நடைமுறைச் சட்டம், பிரிவு 62: பொழுது சாய்ந்த பிறகும், விடியும் முன்பும் குடியிருக்கும் வீட்டுக்குள் நுழையக்கூடாது. வாசல் கதவை உடைக்க வேண்டுமென்றால், அது கடனாளியே குடியிருக்கும் வீடாக இருக்கவேண்டும், அவர் வழிவிட மறுத்திருக்கவும் வேண்டும்.

தையல் வேலை செய்யும் ஒரு அம்மாவின் வீடு. அவரிடமிருந்து பணம் வரவேண்டும் என்று டிக்ரி, அதாவது கோர்ட் தீர்ப்பு, வாங்கியவர் வண்டியோடு வந்திருந்தார். உள்ளே ஒரு கட்டில், பீரோ, டிவி, ஜன்னலோரம் தையல் மிஷின்.

"மிஷினைத் தூக்குங்க சார், அதுதான் விலை போகும்."

நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே அந்த அம்மா ஊசியைத் தூக்கி, பாதி தைத்த ரவிக்கையை உருவி, நூலைக் கத்தரித்து, துணியை மடித்துவிட்டார். மிஷின் போய்விடும் என்று அவரே முடிவுகட்டிவிட்டார்.

"அது இங்கேயே இருக்கட்டும்மா" என்றேன். அவர் நம்பவில்லை.

பிரிவு 60-இன்படி உடுத்தும் துணி, சமையல் பாத்திரம், கட்டில், படுக்கை, கைத்தொழில் செய்பவரின் கருவி, இவற்றில் கை வைக்கக்கூடாது. தாலிக்கும் அதே பாதுகாப்பு உண்டு. வண்டிச் செலவையும் தலையில் போட்டுக்கொண்டு வந்தவருக்கு இது புரியுமா? "அப்போ என் பணம்?" என்றார். நியாயமான கேள்விதான், பதில் என்னிடம் இல்லை.

எங்கள் வேலைக்கு இங்கிலீஷில் பெயிலிஃப். அந்தச் சொல்லின் லத்தீன் வேருக்குச் சுமை தூக்குகிறவன் என்று பொருள். அமீன் என்றால் அரபியில் நம்பிக்கைக்குரியவன். இரண்டுமே எனக்குப் பொருந்தும் என்று வீட்டில் சொன்னால் சிரிக்கிறார்கள். இடைக்கால இங்கிலாந்தில் பெயிலிஃப் என்றால் பிரபுவின் பண்ணையைப் பார்த்துக்கொள்பவரும்தான். நம் ஜமீன் காரியஸ்தர் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன். விதை, மாடு, கூலி, விளைச்சல் எல்லாம் அவர் பொறுப்பு. செப்டம்பர் 29, மிக்கேல்மஸ் திருநாளோடு அங்கே கணக்கு வருஷம் முடியும். 1285-இல் வந்த ஒரு சட்டப்படி, கணக்கில் பாக்கி விழுந்தால் தணிக்கை செய்தவர்களே அவரை ஜெயிலுக்கு அனுப்பலாம்.

எனக்கு அந்த அளவுக்குப் பயமில்லை. ஆனால் எழுதிக் கொடுக்கவேண்டியது நானும்தான். அன்று டிவி, பீரோ இரண்டையும் பட்டியலில் ஏற்றினேன். சாட்சிக் கையெழுத்துக்குத் தெருவில் ஆள் பிடிக்கவே அரைமணி நேரமானது. அப்புறம் ரிப்போர்ட்டில் ஒரு வரி சேர்த்தேன்: 'தையல் மிஷின் 1, தொழில் கருவி என்பதால் ஜப்தி செய்யப்படவில்லை.'

டிக்ரிதாரர் அதை இரண்டு தரம் படித்துவிட்டு, பேனாவை மூடாமலே திருப்பித் தந்தார்.