டிக்கி நிறையப் பித்தளை

மலேசியாவின் பினாங்கிலிருந்து கும்பகோணத்துக்குக் குடிவந்தபோது பெட்டிகளைத் தவிர எங்களிடம் வேறு சாமான் இல்லை. கணவருக்கு இது சொந்த ஊர். எனக்கும் பிள்ளைகளுக்கும் ஓசிஐ அட்டையோடு, அதாவது வெளிநாட்டுக் குடியுரிமை உள்ள இந்திய வம்சாவளியினருக்கு இந்தியா தரும் அட்டையோடு, வந்து இறங்கிய புது நாடு. பாஷை தெரியும், சாமி தெரியும், சாப்பாடும் முக்கால்வாசி தெரியும். ஆனாலும் கரன்ட் பில் கட்டுவதிலிருந்து கல்யாண வீட்டில் மொய் எழுதுவதுவரை எதையும் யாரையாவது கேட்டுத்தான் செய்ய வேண்டியிருந்தது.

பிடித்த வீடு முற்றம் வைத்த ஓட்டு வீடு. அதில் கொண்டுபோய் பிளாஸ்டிக் நாற்காலி போட மனசு வரவில்லை. பழைய சாமான் தேடிப் போகலாம் என்றேன். என் மாமியாருக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"பழசைப் போட்டுட்டுத்தாம்மா புதுசு வாங்குவாங்க. நீ காசு குடுத்துப் பழசு வாங்கப் போறியா?"

அத்தை சொன்னதில் நியாயம் உண்டு. அவருக்குச் சீராக வந்த அண்டா, தவலை, கூஜா எல்லாம் என்றோ பாத்திரக்கடையில் எடைக்குப் போய் எவர்சில்வராகத் திரும்பிவிட்டன. பினாங்கில் லோரோங் கூலிட் சந்தையில் ஒரு பழைய குவளைக்குக்கூட அதன் கதையைச் சொல்லித்தான் விலை சொல்வார்கள். இங்கே தராசு ஒன்றுதான். என்னைப்போல வாங்குகிறவர்களுக்கு அதைவிட நல்ல ஏற்பாடு இல்லை.

தை மாதம், சம்பா அறுவடை நேரம். இட்லியும் கடப்பாவுமாகப் பசியாறிவிட்டு காரில் கிளம்பினோம். கடப்பா என்பது பாசிப்பருப்பும் உருளைக்கிழங்கும் சேர்ந்த குழம்பு. அது கிடைக்காத நாளில் இப்போது என் மகள் இட்லியைத் தொடுவதில்லை.

முதலில் நாச்சியார்கோவில், கும்பகோணத்திலிருந்து சுமார் பத்து கிலோமீட்டர். குத்துவிளக்குக்குப் பேர்போன ஊர். பட்டறையில் காவிரி வண்டலில் அச்சுப் பிடித்து, அடிபாகம், தண்டு, தட்டு, உச்சியில் அன்னம் என்று தனித்தனியாக வார்த்து, கடைந்து, திருகி மாட்டுகிறார்கள். விலை கிலோ கணக்கு. பழைய விளக்கு வேண்டும் என்று போன நான் அங்கே மனசு மாறிவிட்டேன். வார்க்கிறவர் கண்முன்னே உட்கார்ந்திருக்கும்போது, யார் வீட்டு விளக்கோ ஏன் விற்கப்பட்டது என்று தெரியாமல் வாங்குவானேன்? இடுப்பளவு உயரத்தில் ஒன்று வாங்கினோம். மகன் ஒரு கையால் தூக்கப் பார்த்துத் தோற்றான். கோயிலில் கல்கருடனைக் காட்டினேன். சன்னதியில் நான்கு பேர் தூக்குகிற கருடன், வெளியே வர வர எட்டு, பதினாறு, முப்பத்திரண்டு என்று ஆள் கேட்டுக்கொண்டே போகும் என்பார்கள். "அதுவும் கிலோ கணக்கா?" என்றான்.

பழசு தேடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பித்தளை அண்டா, வெற்றிலைச் செல்லம், பாக்குவெட்டி, அஞ்சறைப்பெட்டி என்றால் ஆசைதீர வாங்கலாம். பழைய சாமி சிலை என்று யாராவது குரலைத் தாழ்த்திப் பேசினால் எழுந்து வந்துவிடுங்கள். 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி நூறு வருஷம் தாண்டிய சிற்பமும் கலைப்பொருளும் தொல்பொருள். விற்க உரிமம் வேண்டும், வெளிநாட்டுக்குத் தனியார் கொண்டுபோகவே முடியாது. பினாங்கில் இருக்கும் என் தங்கை, வெண்கலச் சிலை வார்க்கும் சுவாமிமலையிலிருந்து ஒரு நடராஜர் கேட்டிருக்கிறாள். புதிதாக வார்த்த சிலையாகவே இருந்தாலும், தொல்பொருள் அல்ல என்று தொல்லியல் துறையின் சான்றிதழோடு அனுப்புவதுதான் முறை. கோயில் கோயிலாகச் சிலை திருடுபோன நாட்டில் இந்த அலைச்சல்கூட இல்லாவிட்டால் எப்படி?

நன்னிலம் வழியாக நாகூர். வழியெல்லாம் அறுப்பு மெஷின், பாதி ரோட்டில் காயும் நெல். ஆரன் அடிக்காமல் ஊர்ந்து போவதுதான் இங்கே மரியாதை என்று கணவர் வண்டியை உருட்டினார்.

நாகூரில் எனக்குச் சொந்தம் கொண்டாட ஆள் இல்லை. ஆனாலும் கால் தானாக நடந்தது. பினாங்கில் சூலியா தெருவில் ஒரு நாகூர் தர்கா இருக்கிறது. 1800களின் தொடக்கத்தில் கட்டியது. அதைத் தாண்டித்தான் நான் வளர்ந்தேன். மூலதர்காவின் பெரிய மினாரா 131 அடி, தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப் சிங் கட்டிக்கொடுத்தது. என் தாத்தா நாகப்பட்டினத்தில் ரஜுலா கப்பல் ஏறியவர். அவர் கடைசியாகப் பார்த்த கரையை நான் காரில் வந்து பார்க்கிறேன் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் பிள்ளைகள் வாடா பொரிக்கிற இடத்தைக் கண்டுபிடித்துவிட்டார்கள். இறாலும் வெங்காயமும் வைத்த சூடான வாடா. அத்தை சைவம், டீயோடு நிறுத்திக்கொண்டார்.

பக்கத்துத் தெருவில் ஒரு பழைய சாமான் கடை. தகரப் பெட்டிகளுக்கு நடுவே பூப்போட்ட எனாமல் டிபன் கேரியர், நான்கு அடுக்கு. அம்மா வீட்டில் இருப்பதுபோலவே. கப்பல் காலத்தில் யாரோ பினாங்கிலிருந்து கொண்டுவந்தது என்றார் கடைக்காரர். அதற்கு மட்டும் தராசு இல்லை, கதைக்கு விலை! பேரம் பேசாமல் எடுத்துக்கொண்டேன்.

"உங்க ஊர்லயே கிடைக்குமே, இதை வாங்கவா இவ்வளவு தூரம் வந்தோம்?" என்றார் அத்தை.

காரைக்காலில் பெட்ரோல் போட்டுக்கொண்டு தரங்கம்பாடி. 1620இல் தஞ்சை நாயக்க மன்னர் ரகுநாதரோடு ஒப்பந்தம் போட்டு டென்மார்க்காரர்கள் கட்டிய கோட்டை. 1845இல் ஊரையே ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டார்கள். அதுவும் பழைய சாமான் வியாபாரம்தான். 1306இல் எழும்பிய மாசிலாமணிநாதர் கோயிலின் முன்பகுதியைக் கடல் தின்றிருக்கிறது. வெயில் கொளுத்தியதால் அதிகம் சுற்றவில்லை. மயிலாடுதுறை வழியாக வீடு திரும்பினோம். வழியில் வாங்கிப் போட்ட அண்டாவும் தவலையும் ஒவ்வொரு பள்ளத்துக்கும் டிக்கியில் மேளம் தட்டின.

பித்தளையில் சமைக்க வேண்டுமானால் உள்ளே ஈயம், அதாவது வெள்ளீயம், பூச வேண்டும், இல்லாவிட்டால் புளி பட்டதும் களிம்பு ஏறும். இது அத்தை சொல்லித் தெரிந்தது. ஆளையும் அவரே தேடிப் பிடித்தார். பெரியவர் கொல்லையில் கரி மூட்டி, பாத்திரத்தைச் சூடாக்கி, நவச்சாரம் தூவி, பஞ்சால் ஒரு சுற்று தேய்த்ததும் உள்பக்கம் வெள்ளியாகிவிட்டது. புகையில் எல்லோருக்கும் இருமல். மகன் ஓடிப்போய் எனாமல் கேரியரையும் தூக்கிவந்து நீட்டினான். பெரியவர் அதைச் சுண்டிப் பார்த்தார்.

"இதுக்கு ஈயம் வேணாம் தம்பி. கீழ போடாம வச்சுக்க, சில்லு பேந்துரும்."

தவலையைத் தேடி எடுத்துவந்து, அடுத்து இது என்று வைத்தார் அத்தை.